கை குலுக்கும் வீடு

எங்கள் அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பத்தை முதன்முறை பார்ப்பவர்கள், ஏதோ கட்சி மாநாட்டுப் படங்களை மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று நினைப்பார்கள். இருவரும் மாலையும் கழுத்துமாக நிற்க, உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து கை குலுக்கிக்கொண்டிருப்பார்கள். மணமக்கள் குனிந்து யார் காலையாவது தொடுகிற படம் ஒன்றுகூடக் கிடையாது. அம்மாவைப் பெற்ற தாத்தா மட்டும் ஒரு படத்தில் ஆசீர்வாதம் செய்ய அட்சதையோடு தயாராக நின்று, எதிரே நீண்டிருக்கும் மாப்பிள்ளையின் கையை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

காரணம் எங்கள் வீட்டுச் சட்டம். இந்த வீட்டில் பிறந்தவர்களும் சரி, வாழ வந்தவர்களும் சரி, யாரும் யார் காலிலும் விழக் கூடாது. பெற்றவர்கள், வாத்தியார், எம்.எல்.ஏ. என்று யாருக்கும் விலக்கு இல்லை. மரியாதை செய்ய வேண்டுமானால் கும்பிடலாம், அல்லது கை குலுக்கலாம். எங்கள் வீட்டாருக்குக் கை குலுக்குவதுதான் பிடித்திருந்தது. நான் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பா, தூங்கிக்கொண்டிருந்த என் சுண்டு விரலைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் அம்மா பக்கம் திரும்பினாராம். பரீட்சைக்குப் போனால் கை, பாஸானால் கை, காய்ச்சல் விட்டு எழுந்தால் கை. ஜோகுபாளையத்தில் எங்கள் சந்துப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்குக் கலெக்டர் வீடு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீட்டுக்கு அது கொஞ்சம் பெரிய பெயர்தான்.

சட்டத்தைப் போட்டவர் நான் பார்த்திராத தாத்தா, அப்பாவின் அப்பா. அதைக் காவல் காத்தவர் அத்தை. அப்பாவுக்கு அக்காவான அவர், மாமா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டார். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. கோணல் தையல் அவர் கண்ணுக்குத் தப்பாது, கம்பெனியிலும் சரி, வீட்டிலும் சரி. தாத்தாவின் கதையை எனக்குச் சொன்னது அவர்தான்.

தாத்தா கண்டோன்மென்ட்டில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை செய்தவர். ஒருநாள் வேலையை விட்டு நிறுத்தியபோது, முதலாளியின் காலில் விழுந்தாராம். முதலாளி அடிக்கவில்லை, திட்டவில்லை. தாத்தாவின் கை தன்மேல் பட்டுவிடாதபடி காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான். தாத்தா எழுந்து நடந்தே வீட்டுக்கு வந்தார். அதே வருஷம் புத்த சங்கத்துக்குப் போய்ப் பௌத்தரானார். திரும்பி வந்ததும் வீட்டில் இருந்த எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, சட்டத்தைச் சொன்னாராம். அத்தை இந்தக் கதையை ஆரம்பித்தால் அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். எனக்கோ அந்த முதலாளி ஏன் காலை இழுத்துக்கொண்டார் என்பது விளங்கவே இல்லை. காலில் கை பட்டால் எனக்கும் கூசும். அவருக்கும் கூசியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

புத்தர் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சங்கத்தில் மற்றவர்கள் மண்டியிட்டு வணங்குவார்கள், எங்கள் வீட்டார் மட்டும் நின்றபடி கைகூப்புவார்கள். புத்தர் காலிலாவது விழலாமா என்று அத்தையைக் கேட்டேன். "அவர் காலை மடக்கி உள்ள வெச்சிக்கினு உக்காந்திருக்கார் பாரு. விழுன்னு யாரையாவது கேட்டாரா?" என்றார். அன்றிலிருந்து புத்தர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதே யாரும் காலைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று நம்பினேன். அவர்மேல் மரியாதை இன்னும் கூடியது.

அம்மா ஸ்ரீராம்புரத்துப் பெண். கோயில், விரதம், வெள்ளிக்கிழமை என்று வளர்ந்தவர். எங்கள் வீட்டில் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று வாழ்ந்தார். வெள்ளிக்கிழமைகளில் அல்சூர் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போய்த் திரும்பும்போது நெற்றியில் லேசாகக் குங்குமம் இருக்கும். அப்பா அதைப் பார்ப்பார், எதுவும் கேட்கமாட்டார். காய் என்ன விலை என்றுதான் கேட்பார்.

அப்பா கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு ஷூ கடையில் சேல்ஸ்மேன். பாங்க் வேலைக்குப் பரீட்சை எழுதி, நேர்முகம் வரை போய், கிடைக்காமல், தற்காலிகமாக என்று சொல்லிக் கடையில் சேர்ந்தவர். அந்தத் தற்காலிகம் நான் பிறந்து ஏழாம் வகுப்பு வரும்வரை நீண்டிருந்தது. என்னைப் பற்றி அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். "நீ சேர்ல உக்காந்து செய்ற வேலைக்குப் போவணும்" என்பார். டாக்டர், இன்ஜினியர் என்றெல்லாம் சொல்லமாட்டார். நாற்காலி இருக்க வேண்டும், அவ்வளவுதான். நாள் முழுக்க நின்று கால் வலிப்பதால் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அவருடைய பேன்ட்டுகள் எல்லாம் வலது முட்டியில்தான் முதலில் தேயும். அம்மா அதை உட்புறமாகத் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பார். நிற்பவருக்கு முட்டி ஏன் தேய வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

நாங்கள் படித்தது ஏழாம் வகுப்போடு முடியும் சின்னத் தமிழ்ப் பள்ளி. அந்த வருஷம் ஒரு டிரஸ்ட் இப்படிப்பட்ட சின்னப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, தங்களுடைய பெரிய இங்கிலீஷ் ஹைஸ்கூலில் சம்பளமில்லாமல் சேர்த்துக்கொண்டது. எங்கள் பள்ளியிலிருந்து நானும் ஒரு பையனும் தேர்வானோம். செய்தி வந்த அன்று அப்பா எனக்குக் கை கொடுத்தார், கொடுத்த கையை விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு சந்தின் கோடி வரை நடத்திக் கூட்டிப் போய், டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

விழா ஒன்று உண்டு என்று மிஸ் அப்புறம்தான் சொன்னார். மல்லேஸ்வரத்தில் ஒரு மண்டபத்தில், டிரஸ்ட்டின் பெரியவர் தன் கையாலேயே சேர்க்கைக் கவரைக் கொடுப்பார். பிள்ளைகள் மேடையேறி, அவர் காலைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கி, கவரை வாங்கிக்கொண்டு இடது பக்கமாக இறங்க வேண்டும். ஒத்திகைக்கு மிஸ் ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் பெரியவருக்குப் பதிலாகத் தன் ஹேண்ட்பேக்கை உட்காரவைத்தார். பையன் போய் ஹேண்ட்பேக்கின் முன்னால் பவ்யமாக விழுந்து எழுந்தான். நான் போய் ஹேண்ட்பேக்குக்குக் கை நீட்டினேன்.

மிஸ் கோபக்காரர் இல்லை. என்னைத் தனியே அழைத்து விசாரித்தார். வீட்டுச் சட்டத்தைச் சொன்னேன். தலையைத் தடவிவிட்டு, போன வருஷம் ஒரு பிள்ளை இப்படித்தான் விறைப்பாக நின்றதாகவும், யார் அந்தத் திமிர் பிடித்த பிள்ளை என்று கமிட்டிக்காரர்கள் கேட்டதாகவும், கடைசி நேரத்தில் ஏதாவது சொல்லிச் சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். அந்த ஒரு நாள் மட்டும் குனிந்துவிடு என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் களி ஆறிப் போனது. அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "காரியம் ஆவணும்னா கழுதை காலையும் புடிக்கணும்னு சொல்லுவாங்க, அண்ணி. இவரு கழுதைகூட இல்ல, நல்ல மனுசன். ஒரு நிமிசம் குனிஞ்சா புள்ளைக்கு என்னா கொறஞ்சிடப் போவுது?" என்று அத்தையிடம் கேட்டார்.

அத்தை தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "கழுதை ஒதைச்சிட்டுப் போயிடும். இவங்க அப்படி இல்ல. குனிஞ்சத மறக்க வுடமாட்டாங்க."

பிறகு இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா களியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். சட்டத்துக்கும் நாற்காலிக்கும் நடுவில் அவர் அன்று எப்படித் தவித்திருப்பார் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குப் பசித்தது, அவ்வளவுதான். கடைசியில் என்னை எதிரே நிற்கவைத்துச் சொன்னார்: "விழ வேணாம். அவர் மொகத்த நேரா பாத்து, சிரிச்சிக்கினே கை குடு. சீட்டு எங்கியும் போவாது." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். சீட்டு போகாது என்று சொன்னபோது அப்பாவின் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அடுத்து ஷூ. புது ஸ்கூலுக்கு வார் வைத்த கறுப்பு ஷூ வேண்டும், விழாவுக்கும் அதையே போட்டுக்கொண்டு வர வேண்டும். வழக்கம்போல அப்பா என் பாதத்தை நியூஸ்பேப்பரில் பென்சிலால் வரைந்து எடுத்துப் போய், கடையிலிருந்து வாங்கி வந்தார். எங்கள் எல்லோருக்குமே அப்படித்தான். கடைப் பக்கம் எங்களை வரவிட்டதே இல்லை. கூட்டம், டிராபிக், முதலாளிக்குப் பிடிக்காது என்று ஏதாவது சொல்வார். இந்த முறை ஷூ கடித்தது. மாற்றுவதற்குள் விழா வந்துவிடுமே என்று பயந்த அம்மா, அப்பாவிடம் சொல்லாமல் என்னைப் பஸ்ஸில் ஏற்றிக் கடைக்கே கூட்டிப் போய்விட்டார்.

கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனதும் அப்பாவைத் தேடினேன். நிற்பவர்களுக்கு நடுவில் தேடியதால் கிடைக்கவில்லை. கீழே இருந்தார். ஒரு காலேஜ் பெண் சோபாவில் சாய்ந்து தோழியோடு பேசிக்கொண்டிருக்க, அவள் முன்னால் வலது முட்டியைத் தரையில் ஊன்றி, அவளுடைய வெறும் காலைத் தன் தொடைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தை பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் முதலில் வந்த நினைப்பு.

அப்பா எங்களைப் பார்த்துவிட்டார். முகம் ஒரு நொடி மாறியது. ஆனால் கை நிற்கவில்லை. பரணிலிருந்த பையனை நிமிர்ந்து பார்த்து ஒரு நம்பரைச் சொன்னார். மேலே இருந்த பொந்து வழியாக ஒரு பெட்டி விழுந்தது, அதைப் பார்க்காமலே பிடித்தார். செருப்பை மாட்டி, வாரைப் பூட்டி, வாருக்கும் காலுக்கும் நடுவில் தன் விரல் ஒன்றை விட்டுப் பார்த்தார். அடுத்து வந்தவரிடம் "கூத்கொள்ளி சார்" என்று உட்காரச் சொல்லிக் கன்னடம், அதற்கடுத்த அம்மாளிடம் ஹிந்தி, ஒரு வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷ். எல்லாக் காலையும் கட்டை விரலால் அழுத்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டார், விரல் இடிக்கிறதா என்று. கொஞ்ச நேரத்தில் என் அதிர்ச்சி போய், பெருமை வந்துவிட்டது. எங்கள் சந்தில் வேறு எந்த அப்பாவுக்கும் பெட்டியைப் பார்க்காமல் பிடிக்கத் தெரியாது.

என் முறை வந்தபோது அப்பா எனக்கு மாட்டவில்லை. இன்னொரு சேல்ஸ்மேன் அண்ணனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஷூவை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது வாசல் வரை வந்தார். நான் கேட்டுவிட்டேன். நீங்க அவங்க காலைத் தொட்டீங்களே, சட்டம் என்ன ஆச்சு என்று. அம்மா என் கையைக் கிள்ளினார். அப்பா ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"இது வேலைம்மா. வேலைக்குக் குனியலாம். வேலை இல்லாம யார்கிட்டயும் குனியக் கூடாது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. சட்டம் உடையவில்லை, அதில் எனக்குத் தெரியாத ஒரு பிரிவு இருந்திருக்கிறது. போகும்போது, வாரைப் பூட்டிவிட்டு ஏன் விரலை விட்டுப் பார்க்கிறீர்கள் என்றும் கேட்டேன். விரல் நுழையாவிட்டால் கால் நோகும், தாராளமாக நுழைந்தால் தடுக்கி விழுவார்கள் என்றார். அதையும் மனதில் போட்டு வைத்துக்கொண்டேன்.

விழாவுக்கு அப்பா லீவு போட்டார், அத்தை அரை நாள் லீவு. அம்மா கல்யாணப் புடவை. மல்லேஸ்வரம் மண்டபத்தில் எங்கள் வீட்டார் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் மேடைக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் வரிசையில் நின்றேன். உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. ஈரக் கையைப் பெரியவருக்குக் கொடுக்கலாமா என்று பாவாடையில் துடைத்துத் துடைத்துக் காயவைத்தேன்.

பெரியவர் உண்மையாகவே நல்ல மனிதர். இதை இப்போதும் சொல்வேன். ஒல்லியாக, வெள்ளை வெளேரென்ற தலையோடு நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயரைக் கேட்டு, தலையில் கை வைத்து, கவரைக் கொடுத்தார். விழுகிறவர்களுக்கு வசதியாக இரண்டு கால்களையும் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்திருந்தார். அந்தக் கால்களில் பின்வார் வைத்த தோல் செருப்பு. வரிசையாக அத்தனை பிள்ளைகள் தொட்டதில் வலது கால் வார் கழன்று, பக்கிள் தரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் கண்ணில் அது படவில்லை. என் கண்ணில் படாமல் போகுமா? அவர் எழுந்தால் தடுக்கி விழுவார் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார், எனக்கோ பக்கிளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இது வேலை. வேலைக்குக் குனியலாம். அப்பா செய்வது போலவே வலது முட்டியை ஊன்றி உட்கார்ந்தேன். அவர் காலை எடுத்து என் தொடைமேல் வைத்து, வாரைப் பூட்டினேன். அதே நேரத்தில் பழக்கத்தில் அவர் கை என் தலைமேல் வந்து அமர்ந்தது. பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தது.

எழுந்து நின்றேன். இப்போது முகத்தை நேராகப் பார்த்து, சிரித்துக்கொண்டே, கையை நீட்டினேன். பெரியவர் ஒரு கணம் என் கையைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார், பிறகு பெரிதாகச் சிரித்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஷூ கடையில் இருக்கிறார் சார் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்த மைக்கை இழுத்துக்கொண்டு, முதலில் கன்னடத்திலும் பிறகு தமிழிலுமாகச் சொன்னார்.

"நோட்ரி, ரக்தத்தல்லே பந்திதெ. அப்பன் தொழில் பொண்ணு ரத்தத்துலயே வந்திருக்கு பாருங்க. எங்க அந்த அப்பா? எழுந்திருங்க."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா கும்பிடவில்லை, சிரிக்கவும் இல்லை. நான் மேடையிலிருந்து கவரை ஆட்டிக் காட்டினேன். அன்று அந்த மண்டபத்தில் என்னைவிடச் சந்தோஷமாக ஒருவர் இருந்திருக்க முடியாது. சீட்டு கிடைத்துவிட்டது, சட்டமும் உடையவில்லை, அப்பாவுக்கும் கைத்தட்டல்.

அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். பஸ்ஸில் ஏறியதிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெரியவர் என் தலையில் கை வைத்த விதத்தையே சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். நான் அவர் சட்டையை இழுத்து, நான் கை கொடுத்தேனே, பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். வழக்கமாக இப்படிப்பட்ட நாளில் முதலில் நீளும் அவர் கை அன்று நீளவே இல்லை.

வீட்டுக்கு வந்தும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "புள்ள மூஞ்சிய ஏன் பாக்க மாட்டேங்கறீங்க? நீங்க சொன்னதத்தான அது செஞ்சுது?" என்றார்.

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர், மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆமா. நான் சொன்னதத்தான் செஞ்சுது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அத்தை என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. "நீ தப்பு ஒண்ணும் பண்ணல" என்று மட்டும் சொன்னார். யாரும் கேட்காமலே இப்படிச் சொன்னால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? உட்கார்ந்து யோசித்தேன். முட்டி சரி. காலைத் தொடைமேல் வைத்தது சரி. பூட்டியதும் சரி. அப்புறம்தான் நினைவு வந்தது. விரல். தலைமேல் கை வந்ததிலும் ஃபிளாஷ் அடித்ததிலும் விரலை விட்டுப் பார்க்க மறந்துவிட்டேன். அப்பா கடைசி வரிசையிலிருந்து அதைக் கவனித்திருக்கிறார். இத்தனை பேர் முன்னால் எழுப்பி நிற்கவைத்துப் பாராட்டும்போது, வேலை அரைகுறை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாவம், எப்படிச் சிரிப்பார்?

காரணம் தெரிந்ததும் மனது லேசானது. பழகிக்கொண்டால் தீர்ந்தது. அத்தையின் கம்பெனிச் செருப்பில் பக்கிள் உண்டு. காலையில் அவர் கிளம்பும்போது நானே முட்டி போட்டு மாட்டிவிட்டு, விரல் விட்டுப் பார்த்து அனுப்பினேன். அத்தை முதலில் காலை இழுத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, காலைக் கொடுத்தார். ஒருநாள் அப்பா குளித்துவிட்டு வந்தவர் இதைப் பார்த்தார். விரல் விடுவதைக் கவனிக்கட்டும் என்று நான் மெதுவாகச் செய்தேன். ஈரத் துண்டோடு அப்படியே திரும்பிப் பின்பக்கம் போய்விட்டார்.

பிறகு ஃபோட்டோ வந்தது. மிஸ் கொடுத்து அனுப்பியது. நான் பெரியவரின் காலடியில் குனிந்திருக்கிறேன், அவர் கை என் தலைமேல் இருக்கிறது. பக்கிள், வார் எதுவும் அதில் தெரியாது. யார் பார்த்தாலும் ஒரு பெண் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிறாள் என்றுதான் சொல்வார்கள். அம்மா சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றார். அப்பா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். அடுத்த லீவு நாளில் மல்லேஸ்வரத்துக்குப் பஸ் ஏறிப் போய், அந்த ஃபோட்டோக்காரரின் ஸ்டுடியோவைத் தேடிப் பிடித்து, மகள் கை குலுக்குகிற படம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஆசீர்வாதம் வாங்குகிற படம் மட்டும் ஆளுக்கு ஒன்று எடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்களாம். அடுத்த பிள்ளை விழுகிற வரைக்கும் அவர் கேமராவைத் தூக்கவே இல்லையாம். வெறுங்கையோடு திரும்பி வந்து அம்மாவிடம் இதைச் சொன்னார். விரல் விட்டேனா இல்லையா என்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போய் வந்தார் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் படத்தைக் கடைசிவரை மாட்டவில்லை. அம்மாவின் புடவைகளுக்கு அடியில் இன்றும் இருக்கிறது.

இப்போது நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலையில்தான் இருக்கிறேன். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற, சுழலுகிற நல்ல நாற்காலி. ஆபீசில் எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுக்கிறார்கள், யாரும் எங்களைக் கலெக்டர் வீடு என்று கேலி செய்வதில்லை. ஆனால் யாராவது என்னை நோக்கிக் கை நீட்டினால், முதலில் அவர் செருப்பைத்தான் பார்க்கிறேன். அதை மட்டும் விட முடியவில்லை.

புது ஸ்கூலுக்குப் போன முதல் நாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்து நானே ஷூவை மாட்டப் போனேன். அதற்குள் நான் அதில் தேர்ந்திருந்தேன். அப்பா கடைக்குக் கிளம்பித் தயாராக நின்றவர், வந்து என் கையிலிருந்து ஷூவை வாங்கினார். வலது முட்டியைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். என் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். வாசலில் நின்ற அத்தை, சட்டத்தின் காவலாளி, தடுக்கவில்லை.

"விரல் இடிக்குதா?" என்று கேட்டார் அப்பா.

இல்லை என்றேன். வாரைப் பூட்டினார். வாருக்கும் காலுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். அப்புறமும் கொஞ்ச நேரம் என் காலை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். அடுத்த கால். பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்து, என்னையும் எழுப்பி நிற்கவைத்து, கையை நீட்டினார். விழா நாளில் நீளாத கை. குலுக்கியபோது ஷூ பாலிஷ் வாசனை அடித்தது. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.

அவர் எதற்காக அன்று என் முன்னால் முட்டி போட்டார் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்று சரியாகக் காட்டித் தந்திருக்கிறார். இனி யாருக்கு வார் பூட்ட வேண்டி வந்தாலும் விரலை விட்டுப் பார்க்க மறக்கவே மாட்டேன் என்று மனதுக்குள் அவருக்குச் சத்தியம் செய்துகொண்டு, புது ஷூ சத்தம் கேட்க, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.